முன்னோர் கருத்தும் தம் துணிபும்: வையாபுரிப் பிள்ளையின் ஆய்வு வாழ்வு

ஒரு பொருளைப் பற்றி எழுதப் புகுவோர், தமக்கு முன் அப்பொருளை ஆராய்ந்தோர் கூறியவற்றைத் தொகுத்து, எடைபோட்டு, அதன் பின்னரே தம் கருத்தை மொழிய வேண்டும் என்பது ஆய்வுலகின் நெறி. இந்நெறி மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து நமக்கு வந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதங்களை வகுத்தபோதே இதற்கு இலக்கணம் கண்டுவிட்டார். பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தல், இருவர் மாறுபடுமிடத்து ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கொள்கையோடு சாராது தன் கொள்கையே கொள்ளுதல் என்பன அவை. உரையாசிரியர்கள் இவ்வழி நின்றே தம்முள் வாதிட்டனர்.

இம்மரபை 20-ஆம் நூற்றாண்டின் உரைநடைக்கு ஏற்ற வகையில் புதுப்பித்தவர்களுள் தலையாய ஒருவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. இன்று அவர் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவன அவர் கூறிய சில நூற்றாண்டு எண்களே. அவ்வெண்களை அவர் சென்றடைந்த வழியும், அவ்வழியில் அவர் கையாண்ட மொழியும் போதிய அளவு பேசப்படவில்லை.

வழக்குமன்றத்திலிருந்து தமிழுக்கு

1891 அக்டோபர் 12-ஆம் நாள் நெல்லைச் சீமையில் பிறந்த வையாபுரிப் பிள்ளை, பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று அங்கேயே வழக்கறிஞரானார். சில ஆண்டுகளுக்குப் பின் திருநெல்வேலியிலும் அத்தொழிலை நடத்தினார்.

வழக்கறிஞர் தொழில் அவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்ததோ இல்லையோ, ஒரு பழக்கத்தைத் தந்தது. எதிர்த்தரப்பின் வாதத்தை அத்தரப்பினரே ஏற்கும் வண்ணம் எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும்; சாட்சியம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே முடிவு கூற வேண்டும் என்பது அப்பழக்கம். பிற்கால ஆராய்ச்சிக் கட்டுரைகளின் கட்டமைப்பில் இந்த வழக்குமன்றப் பயிற்சியின் சுவடு தெளிவாகத் தெரிகிறது.

திருவனந்தபுரத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நட்பு வாய்த்தது. கவிஞருக்கும் ஆய்வாளருக்கும் இடையே வாழ்நாள் முழுதும் நிலைத்த உறவு அது. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை 1922-இல் பதிப்பித்ததன் வாயிலாகப் பதிப்புத் துறையில் அவர் கால்கொண்டார்.

அகராதி கற்பித்த ஒழுங்கு

1926-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பு அவரை அடைந்தது. 1913-இல் சாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய பணி, பல கை மாறித் தளர்ந்திருந்த நேரம் அது. தலைமைப் பண்டிதராக மு. இராகவையங்கார் துணைநிற்க, பிள்ளையவர்கள் அதனை 1936-இல் ஆறு தொகுதிகளாக நிறைவேற்றினார். அடுத்து அனுபந்தமும் வெளிவந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் இடம்பெற்றன.

அகராதியைப் புரட்டுவோர் பொருளைக் கண்டவுடன் மூடிவிடுவது வழக்கம். ஆனால் அதன் ஒவ்வொரு பதிவும் முன்னோர் பணியைப் பற்றிய ஒரு சிறு மதிப்புரை எனலாம். ஒரு பொருள் எந்த நூலில் ஆளப்பட்டுள்ளது என்பதற்கு நூற்பெயர்ச் சுருக்கமும் இடமும் தரப்படுகின்றன. நிகண்டு மட்டுமே சான்றாக உள்ள பொருளுக்கு அந்நிகண்டின் பெயர் நிற்கிறது. இலக்கியச் சான்று கிட்டாது, 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியிலிருந்து கொள்ளப்பட்டதாயின் அவர் பெயரின் முதலெழுத்து குறிக்கப்படுகிறது. நாஞ்சில் நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ மட்டும் வழங்குவதாயின் அதுவும் சுட்டப்படுகிறது. எவர் சொல்லியது, எந்த அளவு உறுதியானது என்னும் இரண்டு வினாக்களுக்கும் ஓரிரு எழுத்துகளில் விடை கிடைத்துவிடுகிறது.

இந்த ஒழுங்கைப் பல்லாண்டு கைக்கொண்டவர் தம் கட்டுரைகளிலும் அதனைக் கைவிடவில்லை. 1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராக இருந்த காலத்திலும் பதிப்புகள் தொடர்ந்தன. 1940-இல் சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வாயிலாக வெளிவந்த சங்க இலக்கியப் பதிப்பில், 2381 பாடல்களைத் தொகை நூல் வரிசையை விடுத்துப் புலவர் வரிசையில் அமைத்தார். 473 புலவர்களின் ஆக்கங்கள் அவரவர் பெயரின் கீழ் ஒருங்கே நின்றன. கபிலரையோ பரணரையோ ஒரு முழுக் கவிஞராகக் காணும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. தமக்கு முன் உழைத்த சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோரின் பணியை அவர் மறைத்ததில்லை. தமிழ்ச் சுடர்மணிகள் என்னும் நூலே தமிழ்த் தொண்டர்களின் வாழ்வையும் பணியையும் போற்றி எழுதப்பட்டது.

சிலம்பின் காலம்: ஓர் எடுத்துக்காட்டு

முன்னாய்வுகளை எடைபோடுவது எத்துணை இடர் மிக்கது என்பதற்குச் சிலப்பதிகாரக் கால ஆராய்ச்சி தக்க சான்று. வி. கனகசபைப் பிள்ளை 1904-இல் வெளியிட்ட நூலில், காப்பியத்தில் வரும் கயவாகு என்னும் இலங்கை மன்னனை மகாவம்சத்துக் கஜபாகுவாகக் கொண்டு 2-ஆம் நூற்றாண்டைத் துணிந்தார். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, காப்பியத்திலும் உரையிலும் உள்ள நாட்குறிப்புகளைக் கணித்துக் கி.பி. 756-ஐக் கண்டார். இரண்டும் அறிஞர் பெருமக்களின் முடிவுகள். இரண்டுக்கும் இடையே ஆறு நூற்றாண்டுகள்.

இத்தகைய இடத்தில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லி அவர் வழிச் செல்வது எளிது. மற்றவரைக் குறிப்பிடாமல் விடுவது அதனினும் எளிது. வையாபுரிப் பிள்ளை இவ்விரண்டையும் ஏற்கவில்லை. கஜபாகுவைக் கொண்டு காலம் கணிக்கும் முறை உறுதியுடையதன்று என வாதிட்டார். காப்பியத்துள் காணும் கீரிப்பிள்ளைக் கதை பஞ்சதந்திரத்திலும் இருப்பதையும், திருக்குறளின் தொடர்கள் இரட்டைக் காப்பியங்களில் எடுத்தாளப்படுவதையும், மொழியமைதியையும் துணையாகக் கொண்டு, காப்பியம் பிற்பட்டதே என முடிவு கூறினார். இதனை ஒத்த முறையில் தொல்காப்பியம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகாது என்றும், திருக்குறள் ஏறத்தாழ கி.பி. 600-ஐ ஒட்டியது என்றும் கருதினார்.

எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. மொழியுணர்ச்சி கொழுந்துவிட்ட காலம் அது. தமிழின் தொன்மையைக் குறைக்க முயன்றவர் என்றும் வடமொழிச் சார்பினர் என்றும் பழி வந்தது. அகராதிக்காக வாழ்வின் சிறந்த ஆண்டுகளை ஈந்தவர் மீதே தமிழ்ப் பகைவர் என்ற சொல் வீசப்பட்டது. சான்றை மறுத்து எழுதியோரும் இருந்தனர். அவர்கள் அவருக்கு மதிப்பளித்தோரே ஆவர். ஆளை மறுத்து எழுதியோர் ஆய்வுக்கு எதனையும் சேர்க்கவில்லை.

துணிபின் படிநிலைகள்

ஆராய்ச்சித் தமிழில் சில சிறு சொற்களுக்குப் பெரும் பொறுப்பு உண்டு. போலும் என்பது ஒருபடி. எனலாம் என்பது மற்றொருபடி. கருத இடமுண்டு, துணியலாம், தெளிவு என்பன ஏறிச்செல்லும் படிகள். சான்றின் வலிமைக்கேற்ப இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்பவரே ஆய்வாளர். தொல்காப்பியர் சமணர் எனப் பிள்ளையவர்கள் வாதிட்டபோது, பாயிரத்திலுள்ள படிமை என்னும் சொல்லையும் உயிர்களை அறிவு வகையால் பகுத்த முறையையும் எடுத்துக்காட்டினார். படிப்பவர் அந்தச் சான்றுகளைத் தாமே எடுத்து நிறுத்துப் பார்க்க முடிகிறது. ஏற்கவும் மறுக்கவும் வாசல் திறந்தே இருக்கிறது.

அவரிடம் குறையே இல்லை என்பது பொருந்தாது. இரு நூல்களில் ஒரே கருத்தோ கதையோ காணப்படின் ஒன்று மற்றொன்றிலிருந்து கொண்டது என்பது மட்டுமே விளக்கமாகாது. இரண்டும் வாய்மொழியாக வழங்கிய பொதுமூலத்திலிருந்து எடுத்திருக்கலாம். வடசொற்களின் எண்ணிக்கை கொண்டு காலம் காண்பதும் ஐயத்துக்கு இடமளிப்பதே. இத்தகைய இடங்கள் சிலவற்றில் எனலாம் என்று நிறுத்தியிருக்க வேண்டிய அவர் எழுதுகோல் தெளிவு என்னும் படிவரை ஏறிவிட்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் சிலப்பதிகாரத்தை அவர் கூறியதனினும் முற்பட்டதாகவே கொண்டனர். 1965-இல் புகலூர்க் கல்வெட்டுகளில் சேர மன்னர் பெயர்களை ஐராவதம் மகாதேவன் இனங்கண்டதும், 1981-இல் ஜம்பையில் அதியமானின் கல்வெட்டு கிடைத்ததும், சங்க காலத்தை ஆராய அவர் காணாத புதிய சான்றுகளைத் தந்தன.

ஆயினும் அவரை மறுக்க வந்தோர்க்கு வழிகாட்டியவரும் அவரே. இன்ன நூலில், இன்ன சொல்லால், இன்ன காரணத்தால் என்று அவர் எழுதி வைத்திருந்தமையால்தான், எந்த இடத்தில் வாதம் நழுவுகிறது என்று பின்னோர் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. காரணம் கூறாது முழங்கிய எத்தனையோ முடிவுகள், சரியாயினும் தவறாயினும், அடுத்தவர்க்குப் பயன்படாமலே மறைந்தன.

நிறைவு

1951 முதல் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார். இளமையில் சட்டம் பயின்ற திருவனந்தபுரத்துக்கே முதுமையில் தமிழாசிரியராகத் திரும்பி வந்தது ஊழின் விளையாட்டு. 1956 பிப்ரவரி 17-ஆம் நாள் அவர் மறைந்தார். தமிழ் மொழி, இலக்கிய வரலாறு குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் அவ்வாண்டிலும், காவிய காலம் 1957-இலும் வெளிவந்தன. வாழ்நாள் முழுதும் சேர்த்த நூல்கள் கல்கத்தாவின் தேசிய நூலகத்தைச் சென்றடைந்து, அவர் பெயராலேயே ஒரு தொகுப்பாக அமைந்தன.

ஒரு கவிதையைப் பற்றியோ கவிஞரைப் பற்றியோ எழுத அமர்வோர்க்கு அவ்வாழ்வு விட்டுச்சென்ற கடமை ஒன்றுண்டு. முன்னர்ச் சொன்னவர் பெயரை மறைக்காமல் சொல்லுதல், அவர் கருத்தைத் திரிக்காமல் கூறுதல், சான்றுக்கு மேல் ஒரு படியும் ஏறாதிருத்தல், தம் முடிவைத் திருத்தப் பின்வருவோர்க்கு இடம் விட்டு வைத்தல் ஆகியன அது. இவை நடையழகுக்கான விதிகள் அல்ல. முன் சென்றோர்க்கும் பின் வருவோர்க்கும் நடுவே நிற்பவர் காக்க வேண்டிய நேர்மை. அந்நேர்மையைப் பெரும்பாலும் காத்தார், சிற்சில இடங்களில் தவறினார், அதற்கும் அப்பாற்பட்ட விலையைக் கொடுத்தார் வையாபுரிப் பிள்ளை. அவர் கூறிய எண்கள் மாறலாம். அவர் காட்டிய அளவுகோல் இன்றும் நம் கையில் இருக்கிறது. அவரை அளக்கவும் அதுவே உதவுகிறது.