நிழலும் பிம்பமும்: ஸ்வாமி தேசிகன் அருளிய தெளிவு

காஞ்சீபுரத்தைச் சேர்ந்த தூப்புலில், 1268ஆம் ஆண்டு புரட்டாசித் திருவோணத்தன்று, அனந்தஸூரிக்கும் தோதாரம்பைக்கும் திருக்குமாரராக ஸ்வாமி தேசிகன் திருவவதரித்தார். வேங்கடநாதன் என்பது திருநாமம். அம்மான் கிடாம்பி அப்புள்ளாரிடம் இருபது ப்ராயத்துக்குள் ஸகல சாஸ்த்ரங்களையும் கற்றுத் தேறினார். திருவஹீந்த்ரபுரத்தில் ஹயக்ரீவனின் அருளைப் பெற்றார் என்பது குருபரம்பரை.

பாதுகாஸஹஸ்ரத்தால் நம் உள்ளத்தை உருக்கும் இவ்வாசார்யர், நிழல் ஒரு பொருளா என்பதையும் விட்டுவைக்கவில்லை. ஒளி இல்லாமையே இருள் என்பது வைசேஷிகர் பக்ஷம். அப்படியானால் நிழலும் வெறும் இன்மையே. ஆனால் இருள் கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கிறது. நிறமும் அடர்த்தியும் உள்ளதை இல்லாதது என்று சொல்வதெப்படி? ஆகவே இருளும் ஜடத்ரவ்யமே என்பது நம் ஸித்தாந்தம். ஐந்நூறு ச்லோகங்களாலான தத்வமுக்தாகலாபத்தின் முதற்பகுதியாகிய ஜடத்ரவ்யஸரத்திலும், ந்யாயஸித்தாஞ்ஜநத்திலும் தேசிகன் இதை நிலைநாட்டினார். பிற்பட்ட யதீந்த்ரமததீபிகை இருளை ப்ருதிவியில் அடக்கும்.

கண்ணாடியில் தோன்றும் முகமோ வேறு வகை. அங்கே புதிதாக ஒரு பொருள் பிறக்கவில்லை. கண்ணின் கதிர்கள் கண்ணாடியில் தடைபட்டுத் திரும்பி நம் முகத்தையே பற்றுகின்றன. மிகுந்த வேகத்தால் இடைவெளி புலப்படுவதில்லை. இது ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் காட்டிய வழி. காணப்படும் முகம் மெய். அது இருக்கும் இடத்தைப் பற்றியே மயக்கம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். ஜீவனை ப்ரஹ்மத்தின் ப்ரதிபிம்பமாகச் சொல்பவரும் உண்டு. கண்ணாடி உடைந்தால் பிம்பம் ஏது? ஜீவனும் அத்தகையவனானால், மோக்ஷத்தில் கைங்கர்யம் செய்ய யார் மிஞ்சுவார்? சரணாகதிதான் யாருக்காக? அத்வைத பக்ஷத்தை மறுக்கச் சததூஷணியை இயற்றிய தேசிகனுக்கு இது வெறும் தர்க்கமன்று. அடியேன் என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டா என்பதே கேள்வி.

உஞ்சவ்ருத்தியால் காலம் கழித்தும், ஸ்ரீரங்கம் படையெடுப்பால் கலங்கியபோது ச்ருதப்ரகாசிகையைக் காத்தும், அந்தப் பொருளைத் தம் வாழ்விலும் காட்டினார். 1369இல் ஸ்ரீரங்கத்தில் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

நிழலையும் மெய்யென்று காட்டிய ஆசார்யரின் திருவடி நிழலே நமக்குப் புகல்.

ஸ்வாமி தேசிகன் திருவடிகளே சரணம்.