ஆழிக்குமரன் ஆனந்தன்

பழங்காநத்தத்தில் வாழும் நமக்கு நீச்சல் என்றால் வயற்காட்டுக் கிணறுதான். கடலோ விடுமுறையில் இராமேசுவரம் சென்றால் காணும் காட்சி. அக்கடலையே விளையாட்டுத் திடலாகக் கொண்டு, இறுதியில் கடலிலேயே உயிர் நீத்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஆழிக்குமரன் ஆனந்தன்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் 1943ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அவர் பிறந்தார். அது கடலோடிகளின் ஊர். அங்குக் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்கக் கரையையே எட்டியது. 1954இல் அப்பகுதியைச் சேர்ந்த நவரத்தினசாமி என்பார் பாக் நீரிணையை 27 மணி நேரம் நீந்திக் கடந்து கோடிக்கரையை அடைந்தார். ஆனந்தன் அப்போது பத்து வயதுச் சிறுவர்.

1966இல் வங்காளத்து வீரர் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி இந்தியர்களின் பாராட்டைப் பெற்றார். இவர்களெல்லாம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சென்றவர்கள். ஆனந்தனின் உள்ளமோ அத்துடன் நிறைவு பெறவில்லை. 1971இல் வல்வெட்டித்துறையில் இறங்கி, பொன்னியின் செல்வன் வாயிலாக நாம் அறிந்த கோடிக்கரையைத் தொட்டு, மீண்டும் புறப்பட்ட கரைக்கே நீந்தித் திரும்பினார். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி! இரண்டு இரவுகளுக்கு மேல் உறக்கமில்லை. உப்புநீரில் தோல் வெந்துபோகும். நீரோட்டம் திசை மாற்றும். கரையைக் கண்டதும் ஓய்வை நாடுவது மனித இயல்பு. கரையைக் கண்டபின் மீண்டும் கடலில் இறங்கியதே அவர்தம் பெருமை. ஆழி என்றால் கடல். ஆழிக்குமரன் என்னும் பட்டம் அவருக்கு எத்துணைப் பொருத்தம்!

நிலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1980இல் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்று கின்னஸ் நூலில் இடம்பெற்றார். இரண்டே ஆண்டுகளில் நம் சத்தியமங்கலத்தைச் சேர்ந்த ஒருவர் 34 மணி நேரம் நின்று அதனை முறியடித்தார். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கே உள்ளன என்பதை ஆனந்தன் அறியாதவரல்லர்.

எஞ்சியிருந்தது ஆங்கிலக் கால்வாய். அதன் குறுகிய பகுதி 33 கிலோமீட்டர்தான். ஆனால், நம் கடல்போல் வெதுவெதுப்பானதன்று. கோடையிலும் உடலை விறைக்கவைக்கும் குளிர்நீர். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அக்கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் துறந்தார். வயது 41.

அவர் எட்டாத கரை அது ஒன்றே. அதனை மட்டும் கொண்டு அவரைத் தோற்றவர் எனக் கூறுவது தகுமா? ஒரு தேர்வில் தவறியதும் படிப்பையே கைவிட எண்ணும் நம்மில் சிலர், கோடிக்கரையிலிருந்து திரும்பி நீந்திய அம்மனிதரை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக!