நாகம் வந்த நாள்

1863 ஜனவரி 12 அன்று கல்கத்தாவின் சிமுலியா பகுதியில் பிறந்த நரேந்திரன், பின்னாளைய சுவாமி விவேகானந்தர், சிறுவயதில் குரங்கு, ஆடு, மயில், புறாக்கள் என்று பல உயிர்களை அன்புடன் வளர்த்தவன். தியானம் அவனுக்கும் தோழர்களுக்கும் ஒரு விளையாட்டு. ஒருநாள் அவர்கள் கண்மூடி அமர்ந்திருக்கையில் நாகம் ஒன்று ஊர்ந்து வந்தது. கண்ட பிள்ளைகள் அலறி ஓடினர். நரேந்திரனையும் கூவி அழைத்தனர். அவன் அசையவில்லை. நாகம் தானே அகன்றது. பின்னர் வினவியபோது, பாம்பு வந்ததே தனக்குத் தெரியாது என்றான்.

இதனை அஞ்சாமைக்குச் சான்றாகக் கூறுவர். உண்மையில் அவன் அச்சத்தை வெல்லவில்லை. அச்சம் அன்று அவனை எட்டவே இல்லை. ஓடிய பிள்ளைகளும் கோழைகள் அல்லர். நாகத்தைக் கண்டு விலகுவது குழந்தைக்கு இயல்பான அறிவே அன்றோ!

அவரையும் அச்சம் ஒருமுறை பற்றியது. துறவியாகக் காசியில் சென்றபோது, ஒருபுறம் குளமும் மறுபுறம் உயர்ந்த மதிலுமாக இருந்த வழியில் குரங்குகள் அவரைத் துரத்தின. குரங்கு வளர்த்த அவரே ஓடினார். ஓட ஓட அவை நெருங்கின. எதிர்த்து நிற்குமாறு முன்பின் அறியாத ஒருவர் குரல் கொடுத்தார். சுவாமிஜி திரும்பி நின்றார். குரங்குகள் பின்வாங்கி ஓடின. தாம் முதலில் ஓடியதைப் பின்னாளில் மேலைநாட்டுச் சொற்பொழிவு ஒன்றில் அவர் ஒளிக்காமல் கூறினார்.