முடி சூடாத மன்னர்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு மாலை மழைக்காக நம் கல்லூரி நூலகத்தில் ஒதுங்கினேன். கைக்குக் கிடைத்தது ஸ்பெயின் நாட்டு வரலாறு. அதில் நான் சந்தித்தவர்தான் பார்சிலோனாவின் கோமகன் நான்காம் ரமோன் பெரெங்கேர்.

1131-இல் தந்தை மறைந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 17. தாய்வழிச் சொத்தான புரோவென்ஸ் உடன்பிறந்தவருக்குப் போயிற்று. பார்சிலோனா இவருக்கு வந்தது.

மேற்கே அடுத்த நாடு அரகோன். அதன் மன்னர் அல்போன்சோ பெரிய வீரர். ஆனால் 1134-இல் பிராகா கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்று, சில வாரங்களிலேயே இறந்து போனார். பிள்ளை இல்லை. அவர் எழுதி வைத்த உயில் இருக்கிறதே, அதுதான் விசித்திரம்! எருசலேமைச் சார்ந்த மூன்று சமயச் சங்கங்களுக்கு நாட்டையே எழுதிவிட்டார். பிரபுக்கள் அதை ஏற்கவில்லை. நவார்ரா தனியே பிரிந்து சென்றது. அரகோன் மக்களோ மன்னரின் தம்பியான ராமிரோ என்ற துறவியை அழைத்து வந்து முடிசூட்டி, மணமும் செய்வித்தார்கள். 1136-இல் பெத்ரோனிலா பிறந்தாள்.

மறு ஆண்டு ஆகஸ்டில் பார்பாஸ்ட்ரோ நகரில் நிச்சயதார்த்தம். மணமகளுக்கு வயது 1. மணமகனுக்கு 23 அளவில். ராமிரோ அரசர் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்சியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு மடத்துக்குத் திரும்பினார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். என் தாயாரையும் தொட்டிலில் கிடந்தபோதே தாய்மாமனுக்கு என்று பேசி முடித்தவர்கள்தான் எங்கள் பெரியோர். ஒன்றரை ஏக்கர் நிலம் வெளியே போகக் கூடாது என்பது காரணம். ஐந்தாம் வகுப்போடு அம்மாவின் படிப்பும் நின்றது.

மறுநாள் மீண்டும் படித்தேன். ரமோன் கடைசிவரை தம்மை அரகோனின் மன்னர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. இளவரசர் என்பதோடு நின்றார். உயிலைக் காட்டி உரிமை கேட்டவர்களுடன் அவர் வாள் எடுக்கவும் இல்லை. இரண்டு சங்கங்கள் 1140-இல் விட்டுக்கொடுத்தன. டெம்ப்ளர் வீரர்களுக்கு 1143-இல் கோட்டைகளும், வருவாயில் பத்தில் ஒரு பங்கும், இனி வெல்லும் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்து உடன்பாடு செய்தார். போர்க்கள வெற்றிகளைவிட இந்தப் பேரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். வெற்றிகளுக்கும் குறைவில்லை. ஜெனோவாக் கப்பல்களின் துணையோடு 1148-இல் தோர்தோசா. 1149-இல் லெய்தாவும், அல்போன்சோ தோற்ற அதே பிராகாவும்.

1150-இல் திருமணம் நடந்தது. இரு நாடுகளும் இணைந்தன என்றாலும் அவரவர் சட்டமும் வழக்கமும் அவரவர்க்கே இருந்தன. அரகோனில் 1707 வரையிலும், கத்தலோனியாவில் 1716 வரையிலும் அவை நிலைத்தன.

1152-இல் கருவுற்றிருந்த பெத்ரோனிலா ஓர் உயில் எழுதினார். ஆண் பிறந்தால் நாடு அவனுக்கு. பெண் பிறந்தால் கணவருக்கு. பெண்ணாய்ப் பிறந்து நாட்டைப் பெற்றவர் தம் பெண்ணுக்கு அதை மறுத்தது ஏனோ!

1162-இல், பேரரசர் பிரடெரிக்கைக் காண இத்தாலி சென்ற வழியில் ரமோன் இறந்தார். உடல் ரிபோல் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

விடுமுறையில் இக்கதையை அம்மாவிடம் சொன்னேன். நாடு கடைசிவரை அந்தப் பெண்ணின் பேரில் இருந்ததா என்று மட்டும் கேட்டார். 1164 வரை இருந்தது, பிறகு 7 வயது மகன் அல்போன்சோவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்றேன்.