இரண்டு கை போதாது!

குழந்தைகளே, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது அல்லவா? ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் நிலத்தில் மீனவர்களின் குப்பங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் லைட்ஹவுஸ் குப்பம். அங்கே நிற்கும் கலங்கரை விளக்கத்தால் வந்த பெயர்தான்!

இதுபோன்ற குப்பத்தில் உங்கள் வயதுப் பையனுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் யாரைத் தேடுவார்கள்? நர்ஸம்மாவை. கிராம சுகாதார செவிலியர் என்பது அவருடைய வேலையின் பெயர். தடுப்பூசி போடுவார். கைக்குழந்தையை எடை பார்ப்பார். கர்ப்பிணிகளைக் கவனிப்பார். டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். ஆனாலும் எதைத் தானே செய்யலாம், எந்த நோயாளியை ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகவே படித்துவிட்டு வந்தவர் அவர்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறீர்களா? நூறு வருடங்களுக்கு முன்னால் நம் ஊரில் இப்படிப் பயிற்சி பெற்ற பெண்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அந்தக் காலத்தில் வேலூரில் ஒரு பெண் டாக்டர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் மற்றப் பெண்களுக்கு வைத்தியமும் பணிவிடையும் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து முதலில் இலங்கைக்கும், பிறகு இந்தியாவுக்கும் வந்து வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர்தான். குடும்பத்தில் டாக்டர்களும் மத போதகர்களும் நிறைய.

ஐடாவுக்கு ஆறு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. உங்கள் கொள்ளுத் தாத்தா வீட்டிலும் அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள். வற்றிப்போன குழந்தைகள் வரிசையில் உட்கார்ந்திருக்க, ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டும் வேலை சிறுமி ஐடாவுக்கு. சில குழந்தைகளுக்குக் கையைத் தூக்கிச் சாப்பிடக்கூடத் தெம்பில்லை. அந்தக் காட்சி அவர் மனதில் தங்கிவிட்டது. அதனால் இந்தியா மீது பாசம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பயம்தான் வந்தது! அமெரிக்காவுக்குப் போய்ப் படித்தபோது, இனி இந்தப் பக்கமே திரும்புவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

1890-ல் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று செய்தி வந்தது. அப்போது அப்பா திண்டிவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாள் அம்மாவுக்கு உதவியாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா கப்பல் ஏறினார்.

ஒரு நாள் இரவு. ஐடா விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். ஓர் இளைஞர் வந்து நின்றார். அவர் ஒரு பிராமணர். அவருடைய சின்னஞ்சிறு மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தை பிறக்காமல் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும். ஐடா தன் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். வந்தவர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்ப்பதை அவர் வீட்டில் ஏற்க மாட்டார்கள். அவர் போன பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

குழந்தைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஐடாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மனம் இளகி உடனே ஓடியிருப்பேன் என்று சொல்லலாம். ஆனால் ஐடாவுக்கு வைத்தியத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. வெறுங்கையோடு போய் அந்தப் பெண்ணின் அருகில் உட்கார்ந்தால், டாக்டரம்மா வந்துவிட்டார் என்று வீட்டார் நம்புவார்கள். அந்த நம்பிக்கை பொய்யானது. தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்து உயிரோடு விளையாடலாமா? கூடாது. அதற்காகப் பேசாமல் இருந்துவிடலாமா? அதுவும் மனதை அறுக்கிறது! அன்று இரவு ஐடா தூங்கவில்லை.

விடிந்ததும் பறை முழக்கம் கேட்டது. வேலையாளை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ஐடா டாக்டருக்குப் படிப்பது என்று முடிவெடுத்தார். அமெரிக்கா திரும்பி, முதலில் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பும் முன் மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்ற முதியவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை!

1900-ல் வேலூர் வந்தார். அப்பாவிடம் வேலை கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசை நிறைவேறவில்லை. சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயால் இறந்துவிட்டார். புது டாக்டர், அதிலும் பெண், தனி ஆள். வீட்டின் ஒரு சின்ன அறைதான் மருத்துவமனை. ஆரம்பத்தில் நோயாளிகள் தயங்கினார்கள். பிறகு கூட்டம் தாங்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் ஐயாயிரம் நோயாளிகள்! 1902-ல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இப்போது கணக்குப் போடுங்கள். நாற்பது படுக்கை, வாசலில் காத்திருக்கும் கூட்டம், நடுவில் ஒரே ஒரு டாக்டர். அவர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கும்போது வார்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் யார் பார்ப்பது? இரவில் காய்ச்சல் ஏறுகிறதா என்று யார் கவனிப்பது? ராத்திரி பகல் உழைத்தாலும் ஐடாவுக்கு இருப்பது இரண்டு கைதானே!

உதவிக்கு ஆள் வைத்தால் போயிற்று என்று தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை. மருந்தின் அளவு ஒரு சொட்டு கூடினாலும் ஆபத்து. தெரியாதவரிடம் வேலையை விட்டுவிட்டு, தவறு நடந்தபின் அவர் மேல் பழி போடுவது நியாயமா? ஆகவே வேலையைப் பகிர வேண்டுமானால் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை வாசலில் காத்திருக்கும் நோயாளியிடமிருந்துதான் எடுக்க வேண்டும். இன்றைக்கு நாலு பேரைக் கூடுதலாகப் பார்ப்பதா, நாளைக்கு நானூறு பேரைப் பார்க்கக்கூடியவர்களை உருவாக்குவதா? இந்தக் கேள்வி ஐடாவை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

மருந்து கலக்கும் கம்பவுண்டர்களுக்கு 1903-லேயே பயிற்சி தொடங்கினார். 1909-ல் செவிலியர் பயிற்சி. டிலியா ஹௌட்டன் என்ற செவிலியர் இதில் அவருக்குப் பக்கபலமாக இருந்தார். மாணவிகள் கிடைப்பதே கஷ்டம். முன்பின் தெரியாதவர்களின் புண்ணைத் துடைப்பதையும், படுக்கையைச் சுத்தம் செய்வதையும் கேவலமான வேலை என்று நினைத்த காலம் அது. சாதி பார்த்துத் தொடத் தயங்குவார்கள். நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்ணை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும். வந்து சேர்ந்த சில பெண்கள் உண்மையிலேயே தைரியசாலிகள்தான். அவர்கள் பெயர்களை நாம் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை, அது ஒரு குறைதான்.

மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடி ஐடாவே போனார். முதலில் மாட்டு வண்டி. பிறகு ஒரு மோட்டார் கார். அது வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் தடதடவென்று நுழைந்தபோது, பேய் வருகிறது என்று ஜனங்கள் ஓட்டம் பிடித்தார்களாம்! குடியாத்தம் சாலையில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண், கண் நோய், காய்ச்சல் என்று கூட்டம் காத்திருக்கும். அந்த வண்டியில் பயிற்சி பெறும் பெண்களும் வருவார்கள். ஐடா கடினமான நோயாளிகளைக் கவனிக்க, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது போன்ற வேலைகள் மற்றவர்கள் கைக்குப் போகும். மரத்தடியே வகுப்பறை!

நர்ஸ்கள் மட்டும் போதாது, பெண் டாக்டர்களும் வேண்டுமே. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டார். ஆறு பெண்கள்கூட வர மாட்டார்கள் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். வந்த விண்ணப்பங்கள் 151! கட்டடம் சரியாக இல்லை. புத்தகங்களும் கருவிகளும் மிகக் குறைவு. முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. மாகாணத்தில் ஆண்கள் ஐந்து பேரில் ஒருவர்தான் தேறினார்கள். வேலூர்ப் பெண்கள் 14 பேரும் பாஸ்! அந்த 14 பேரும் 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். திண்டிவனத்து இரவுக்குப் பல வருடங்கள் கழித்து.

பெரிய சோதனை பிறகுதான் வந்தது. பழைய பட்டயப் படிப்பு இனி செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பாக மாற்ற வேண்டும் என்று 1938-ல் மதராஸ் அரசு சொல்லிவிட்டது. அதற்கு நிறையப் பேராசிரியர்கள், படுக்கைகள், பணம் எல்லாம் வேண்டும். ஆண்களையும் சேர்த்து எல்லாருக்குமான கல்லூரியாக மாற்றினால் பல சபைகள் உதவும் என்றார்கள். ஐடாவுக்குத் தர்மசங்கடம். பெண்களுக்காகவே பிறந்த பள்ளி அது. அவருக்காக அமெரிக்காவில் பணம் திரட்டித் தந்த பழைய தோழிகள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். கொடுத்த வாக்கை மீறுவதாகக் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பிடிவாதமாக இருந்தால் பள்ளியையே மூட நேரும். மூடினால் படிக்க வரும் பெண்களுக்கு என்ன மிஞ்சும்? யோசித்து யோசித்து, ஆண்களையும் சேர்க்க ஐடா சம்மதித்தார். நட்பில் விரிசல் விழுந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள்.

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் வேலூரில் செவிலியர் படிப்பு பட்டப் படிப்பாக உயர்ந்தது. நாட்டிலேயே முதன்முதலில் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, மற்றது டில்லி. கல்லூரியின் தலைமைப் பொறுப்பு சில ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டரிடம் போனது. தான் கட்டியதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது எல்லாராலும் முடிகிற காரியமா, சொல்லுங்கள்!

ஓய்வுக் காலத்தைப் பெரும்பாலும் கொடைக்கானலில் கழித்தார். 1960 மே மாதம் அங்கேயே, 89-ஆம் வயதில் காலமானார். கடைசிப் பயணம் வேலூருக்குத்தான்.

அடுத்த முறை வேலூர் போனால் ஆரணி சாலையில் கேட்டுப் பாருங்கள். 40 படுக்கைகளுடன் ஐடா தொடங்கிய அந்த ஷெல் மருத்துவமனை, பின்னாளில் கண் மருத்துவமனையாக மாறியது.