பட்டில் முகம் நெய்த தாமஸ் ஸ்டீவன்ஸ்

சவ்வாது மலையில் பிறக்கும் கமண்டல நாகநதி ஆரணியைத் தழுவிச் செல்கிறது. அவ்வூர்ப் பட்டுத்தறிகளின் மேல் துளையிட்ட அட்டைகள் கோவையாய்த் தொங்கும். துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும்; இல்லாத இடத்தில் தங்கும். ஜக்கார்டு என நெசவாளர் வழங்கும் இக்கருவியே சேலையில் அன்னத்தையும் மயிலையும் தோற்றுவிப்பது. இக்கருவி கொண்டு மாந்தர் முகங்களை நெய்து புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் தாமஸ் ஸ்டீவன்ஸ் ஆவார்.

1828இல் கவென்ட்ரி நகரை அடுத்த ஃபோல்ஸ்ஹில்லில் பிறந்த அவர், பட்டு நாடா நெசவில் தேர்ந்து, 1854இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். நாடாவே அந்நகரின் சோறு. 1860இல் பிரான்சுடன் ஏற்பட்ட வணிக உடன்படிக்கையை ஒட்டி, அயல்நாட்டுப் பட்டின் மீதான சுங்கவரி நீக்கப்பட்டது. பிரெஞ்சு நாடாக்கள் வந்து குவிந்தன. கவென்ட்ரித் தறிகள் ஓய்ந்தன. ஆயிரக்கணக்கானோர் வறுமையுற்றனர், பலர் கடல் கடந்து பிழைக்கச் சென்றனர்.

ஸ்டீவன்ஸ் தறியைக் கைவிட்டாரல்லர். பன்னிறப் படங்கள் நெய்யுமாறு அதனைத் திருத்தி, 1862 அளவில் பட்டாலான புத்தக அடையாள நாடாக்களை விற்கலானார். 1879இல் யார்க் நகரக் கண்காட்சியில், காண்போர் கண்முன்னேயே பட்டுப் படங்களை நெய்வித்தார். ‘ஸ்டீவன்கிராஃப்’ எனப் பெயர் பெற்ற அப்படங்களில் டிஸ்ரேலி, சாலிஸ்பரி, கிளாட்ஸ்டன் முதலிய அரசியல் தலைவர்களின் உருவங்களும் இடம்பெற்றன.

இவற்றுள் கிளாட்ஸ்டனின் உருவம் தனித்து எண்ணத்தக்கது. 1860இல் நிதியமைச்சராக இருந்து, வரிநீக்கத்துக்குரிய வரவு செலவுத் திட்டத்தை அளித்தவர் அவரே. தறிகளை ஓயச் செய்த ஆணைக்குரியவரின் முகம், அவ்வூர்த் தறியிலேயே இழை இழையாக உருப்பெற்றது. அதனை விற்ற பொருளும் அந்நெசவுக் கூடத்தையே வாழ்வித்தது.

1888இல் ஸ்டீவன்ஸ் மறைந்தார். மைந்தர் தொழிலைத் தொடர்ந்தனர். 1940 நவம்பரில் செருமானிய வான்படையின் குண்டுவீச்சில் தொழிற்கூடம் அழிந்தது. எஞ்சிய படங்களைச் சேகரிப்போர் இன்றும் தேடிப் பெறுகின்றனர். வண்ணம் வெளிறியுள்ளதா, மூல அட்டை குலையாதுள்ளதா, பின்புறச் சீட்டு ஒட்டியவாறே உள்ளதா என நுணுகி ஆய்கின்றனர். ஆட்சியாளர் முகத்தை விரும்பி வாங்குவோர், அட்டையைத் திருப்பியவுடன் காண்பது நெசவாளர் ஸ்டீவன்ஸின் பெயரையே.