ஸர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்

ஒரு சமூகத்தாரின் ஏற்றமும் தாழ்வும் பிறப்பினால் அமைவன அல்ல. காலம் திறந்துவிடும் தொழில்வாயிலை அறிந்து புகுவதனாலும், ஈட்டிய பொருளை வழங்கும் வகையினாலுமே அமைவன. இதற்குப் பார்ஸி வகுப்பிற் பிறந்த வணிகப் பெருமகனார் ஒருவரின் சரிதம் ஏற்ற சான்றாகும்.

பாரசீகத்தினின்று போந்து கூர்ஜர நாட்டிற் குடியேறிய பார்ஸிகள் நெடுங்காலம் உழவும் நெசவும் தச்சும் செய்து வாழ்ந்தனர். 1668-ஆம் ஆண்டில் பம்பாய்த் தீவு கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமாகிப் பின்னர்த் துறைமுகம் வளரவே, அவருட் பலர் ஆங்குச் சென்று கப்பல் கட்டுவோரும் தரகரும் வணிகருமாயினர்.

அந்நகரில் 1783-ஆம் ஆண்டு ஜம்ஷெட்ஜி பிறந்தார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்து, பின்னாளில் தமக்கு மாமனாரான உறவினரின் காலிப் புட்டி வியாபாரத்தில் உதவியாளராய் அமர்ந்தார். பள்ளிக்கல்வி மிகச் சிறிதே. வேண்டிய அறிவைத் தொழில்வழியே பெற்றார். பொருள் தேடிச் சீனத்துக்கு ஐந்து முறை கடற்பயணம் மேற்கொண்டார். 1805-இல் அவர் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் இலங்கைக்கருகிற் கைப்பற்றினர். சரக்கனைத்தையும் இழந்து, நன்னம்பிக்கை முனைவரை கொண்டுசெல்லப்பட்டு, அரும்பாடுபட்டு ஊர் மீண்டார். ஆயினும் முயற்சி தளர்ந்திலர். ஜைனர் ஒருவரையும் முகம்மதியர் ஒருவரையும் பங்காளிகளாகக் கொண்டு வாணிகம் நடத்திப் பெருஞ்செல்வரானார்.

ஈண்டு ஓர் உண்மையை மறைத்தல் அறமன்று. அவர் சீனத்துக்கு ஏற்றியவற்றுள் பருத்தியோடு அபினியும் உண்டு. அக்காலத்துப் பம்பாய் வணிகர் பலரின் செல்வமும் அவ்வழிப்பட்டதே. சட்டம் இங்கே தடுக்கவில்லை. எனினும் கடலுக்கப்பால் எண்ணிறந்த குடும்பங்கள் அதனாற் கெட்டன. அவர் செய்த தருமம் பெரிது. அது இக்கறையைத் துடைத்துவிட்டதென்று கூறுதல் நமக்காகாது.

அத்தருமத்தின் பரப்பை நோக்குவோம். தம் குலத்து ஏழைச் சிறாரின் கல்விக்காக 1849-இல் ஓர் அறநிலையம் நிறுவினார். ஆனால் அம்மட்டில் நின்றாரல்லர். 1845-இல் திறந்த மருத்துவமனைக்கு இலட்சம் ரூபாய் அளித்தார். அதன் வாயில் எல்லாச் சாதியார்க்கும் உரியதாயிற்று. மாஹிம் கழியைக் கடக்கையில் ஏழையர் படும் இடர் கண்ட அவர் மனைவியார் அவாபாய் அம்மையார், சுங்கம் வாங்கலாகாதென்ற நிபந்தனையுடன் 1,57,000 ரூபாய் ஈந்தார். பின்னர்ப் பாதை திறக்கப்பெற்றது. 1857-இல் தோன்றிய ஓவியக் கலாசாலையும் அவர் கொடையே. 1842-இல் ஸர் பட்டமும், 1857-இல் பாரோனெட் பட்டமும் இந்தியருள் முதன்முதற் பெற்ற அவர், 1859-இல் காலமானார்.

நம் சமூகத்துப் பெரியோரும் இளைஞரும் இச்சரிதத்தினின்று இரண்டு கேள்விகளைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். நாம் ஈட்டும் பொருள் எவர் கண்ணீரையேனும் விலையாகக் கொண்டு வருகின்றதா? நாம் கட்டும் தருமத்தின் வாயில் நம்மவர்க்கு மட்டுமே திறக்கின்றதா? முன்னதற்கு இல்லையென்றும், பின்னதற்கு எல்லார்க்கும் என்றும் விடையிறுக்க வல்ல சமூகமே உயர்ந்த சமூகமாகும்.